ஆறு பாட்டிலுக்கு ஊற்றிய உறை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் வந்து ஏதாவது பேசுங்கள் என்று லேபிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பேச மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அப்படியானால் எழுதியாவது கொடுங்கள் என்றார்கள். எழுதுவதில் ஒரு வசதி, நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதனால் ஒத்துக்கொண்டேன். நான் படித்தது அஞ்சாவது. பிழை இருந்தால் நீங்களே சரிபண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும், குக்கரில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் வேறு சொல்ல வேண்டாம். சுவரில் ஒட்டாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தப்பு. இதை எழுத உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறது. பாதி வந்ததும் சிரிப்பு பொங்கிவிடுகிறது, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். இன்றைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இந்த மாடிக் கட்டடம் அப்போது கிடையாது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் வந்து, திருக்கழுக்குன்றம் தாண்டி இறங்கி, பத்து நிமிடம் நடந்தால் ஓடு போட்ட நீளக் கட்டடம் ஒன்று. பின்பக்கம் ஜெனரேட்டர் ஷெட். ஃபேனைப் போட்டால், சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சுற்றும்.

அதற்கு முன்னால் நான் கல்பாக்கம் காலனியில் தயிர் விற்றுக்கொண்டிருந்தேன். தயிர்க்காரிக்குக் குரல் வேண்டும். எனக்கு அதுதான் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று வளையலைக் குலுக்குவேன். யாராவது எட்டிப் பார்த்தால் வியாபாரம், பார்க்காவிட்டால் அடுத்த வீடு. அந்தக் காலனியில் குடியிருந்த கால்நடை டாக்டரம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, “ஏம்மா, உன் தயிர் கட்டியா நல்லா இருக்கு. ஆனா நீ வந்ததும் தெரியல, போனதும் தெரியல. சத்தமே போடத் தெரியாதவளுக்கு ஏத்த மாதிரி ஒரு வேலை இருக்கு, வர்றியா?” என்று கேட்டார்கள். அவர்கள்தான் நம் லேபுக்கு அப்போது தலைவி. பேரை எழுத வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டதால் டாக்டரம்மா என்றே எழுதுகிறேன். தமிழ் என்றால் அவர்களுக்கு உயிர். கதவுக்குக் கதவு தமிழில் போர்டு எழுதி மாட்டியிருப்பார்கள். ‘கையுறை இன்றி உள்ளே வராதீர்’ என்பது இன்றைக்கும் தொங்குகிறதே, அது அவர்கள் கையெழுத்துதான்.

என்னோடு தினக்கூலிக்கு இருந்தவன் ஏழுமலை, சதுரங்கப்பட்டினத்துக்காரன். ஜெனரேட்டரும் ஃப்ரீசரும் அவன் பொறுப்பு. நான் பேசாமல் விட்டதையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். அப்புறம் நித்யா. நாவலூரிலிருந்து வந்துபோகும் ஆராய்ச்சிப் பெண், மூன்று வருடமாக ஒரே கிருமியைக் கட்டிக்கொண்டு அழுதது.

அந்தக் கிருமி வேறொன்றும் இல்லை, கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சல். கோழி வளர்த்த வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு கோழி தலையைத் தொங்கப்போடும், மூன்றாம் நாள் கூண்டு காலி. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு கோழி ஷெட்டில் எதுவும் மிஞ்சாமல் செத்தபோது, நித்யா அங்கே போய்க் கிருமியைப் பிடித்து வந்தது. அதை வளர்த்துச் சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஏழு டப்பாவாக ஃப்ரீசரில் வைத்திருந்தது. அந்த ஷெட்டைச் சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்கள். இன்னொரு தரம் அந்தக் கிருமி வேண்டுமென்றால் இன்னொரு ஷெட் சாக வேண்டும்.

கிருமி உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டைக்குள் இருக்கும் குஞ்சிலிருந்து செல்களை எடுத்துப் பாட்டிலில் வளர்ப்பார்கள். பால்மேல் ஆடை படிகிற மாதிரி அது பாட்டிலின் அடியில் படியும். அதன்மேல் கிருமியை விடுவார்கள். கிருமி உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று நாளில் செல்லெல்லாம் செத்து உதிர்ந்துவிடும். கிருமி செத்திருந்தால் செல் பிழைத்துக்கொள்ளும். அதாவது, செல் சாவதுதான் நல்ல செய்தி. இது எனக்கு அப்போது தெரியாது. எது உயிரோடு இருந்தாலும் சந்தோஷப்படுகிறவள் நான்.

எனக்குத் தெரிந்தது நிறம்தான். செல்லுக்கு ஊற்றுகிற தண்ணீர் புதிதாக இருக்கும்போது ரோஸ் நிறம். உள்ளே செல் நன்றாக வளர வளரப் புளித்து மஞ்சளாகிவிடும். பாட்டில்களை வைக்கிற இன்குபேட்டர் பெட்டியும் உடம்புச் சூட்டில்தான் இருக்கும். கதகதப்பான இடம், வெள்ளையாக ஆடை, புளிப்பு. தயிர்க்காரிக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? இவர்கள் தயிர் தோய்க்கிறார்கள், பேரை மட்டும் இங்கிலீஷில் சொல்கிறார்கள் என்று என் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை. நித்யா நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “தனக்கோட்டிம்மா, நாளைக்குக் காலையில முக்கியமான டெஸ்ட். இந்த ஆறு பாட்டில் பத்திரம்” என்று சொல்லிவிட்டுப் போனது. போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறும் ரோஸ். கொஞ்சங்கூட மஞ்சள் இல்லை. அப்போதுதான் புதுத் தண்ணீர் மாற்றியிருக்கிறது, அதனால் ரோஸ். இது எனக்கு எப்படித் தெரியும்? அடடா, இந்தப் பெண் உறை ஊற்ற மறந்துவிட்டதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

கொட்டுவதற்காக ஒதுக்கியிருந்த தட்டில் ஒரு பாட்டில் இருந்தது. நல்ல மஞ்சள். அருமையாகப் புளித்திருந்தது. நித்யா அதில் சூடுபண்ணி வலுவைப் போக்கிய கிருமியை விட்டு வேறு ஏதோ பார்த்து முடித்திருந்தது. மேலே அப்படித்தான் எழுதியிருந்தது, இங்கிலீஷில். நான் விளக்கை ஏற்றினேன். அவித்து வைத்த பிப்பெட் குழலை எடுத்தேன். அந்தப் பெண் செய்வதை மூன்று வருடமாகப் பார்த்தவள் என்பதால் கை தன்னால் போனது. மஞ்சளிலிருந்து எடுத்து ஆறு பாட்டிலுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் உறை ஊற்றி, மூடி, பெட்டியைச் சாத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். குளிர்காலத்தில் தயிர்ப் பானைக்குச் சுற்றுகிற மாதிரி பாட்டிலுக்கு வைக்கோல் சுற்றாமல் விட்டேனே, அதுவே பெரிது.

செவ்வாய்க்கிழமை காலையில் நித்யா ஃப்ரீசரிலிருந்து கிருமியை எடுத்து ஆறு பாட்டிலிலும் விட்டது. வியாழக்கிழமை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது. நோட்டில் ஏதோ எழுதிவிட்டு எழுந்து போனது. நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். ஆறிலும் ஆடை அப்படியே படிந்திருந்தது, ஒரு ஓட்டை இல்லை. என் உறை பிடித்துக்கொண்டது! அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. சிரித்துக்கொண்டே பாட்டில் கழுவினேன். ஏழுமலை, “இன்னாக்கா, பொண்ணுக்கு வரன் கிரன் வந்துகீதா? சோப்ப பாத்து சிரிக்கிற?” என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரம்மா வந்து அந்த ஆறையும் பார்த்தார்கள். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

“வைரஸ் செத்துப்போச்சு நித்யா.”

நித்யா ஆறு பாட்டிலையும் எடுத்துத் தட்டில் அடுக்கியது.

“போன வாரம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லையே, அன்னிக்கு ஜெனரேட்டர் போட்டது யாரு?”

“நான்தாம்மா” என்றான் ஏழுமலை. “போன ஒடனே போட்டுட்டேன்.”

“நோட்டுல எழுதலியே?”

“மறந்துட்டேம்மா. போட்டது நிஜம். எழுதாதது தப்பு.”

“தூங்கியிருப்பே.”

“எம்மா, சாப்பாட்டுத் தூக்க தொறந்தது தொறந்தபடி வுட்டுட்டு ஓடியாந்தேம்மா! காக்கா வந்து கறிய தூக்கினு போச்சு. அந்தக் காக்காவ வேணா கூட்டியாந்து சாட்சி சொல்ல வக்கட்டுமா?”

வேறு நாளாக இருந்தால் டாக்டரம்மா சிரித்திருப்பார்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. “டப்பா ஏழையும் வேக வச்சுத் தூக்கிப் போடுங்க. உருகி உறைஞ்ச சரக்கை வச்சுக்கிட்டு இனி வேலை செய்ய முடியாது. ஏழுமலை, திங்கட்கிழமைலேருந்து நீ வர வேண்டாம்” என்றார்கள்.

ஏழுமலைக்கு மூன்று பெண் குழந்தைகள். பெரியது அந்த வருடம்தான் பத்தாவது. அவன் வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. ஏழுமலைக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குக்கர் போடுவது என் வேலை. ஆட்டோகிளேவைத்தான் நாங்கள் குக்கர் என்போம். இடுப்பு உயர டிரம், மூடியில் எட்டு திருகு. டப்பா ஏழையும் நானே என் கையால் உள்ளே வைத்தேன். மூடியை வைத்து முதல் திருகைத் திருகும்போதுதான் எனக்கு மெள்ள உறைத்தது. இவர்கள் செல் பிழைத்ததற்காக அழுகிறார்கள். செல் பிழைத்ததற்குக் கிருமி செத்தது காரணம் என்கிறார்கள். ஆனால் அந்தச் செல்லுக்கு நான் உறை ஊற்றினேனே. பிழைத்தது என் உறையால் என்றால்? கிருமி செத்திருக்கவே இல்லை என்றால்? ஏழுமலை ஜெனரேட்டரைப் போட்டது நிஜமாகவே இருந்தால்?

இரண்டாவது திருகு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாவது. சொன்னால் ஏழுமலை இடத்தில் நான் வீட்டுக்குப் போவேன், எருமையைக்கூட விற்றாயிற்று. நாலாவது. அது என் உறையால் இல்லாமலும் இருக்கலாம். பேத்தலாகப் பேசிச் சிரிப்பாய்ச் சிரிக்க வைப்பானேன்? அஞ்சாவதையும் திருகினேன். ஆறாவதில் ஒன்று தோன்றியது. டப்பா இப்போது வெந்துவிட்டால் அந்தக் கிருமி உயிரோடு இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் பார்க்க முடியாது. நான் நாளைக்கே மனம் மாறிப் போய்ச் சொன்னாலும் ஏழுமலைக்குச் சாட்சி ஒன்றும் மிச்சம் இருக்காது. எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை இது. சுவிட்சைப் போடும் முன்னால்தான் சொல்ல முடியும்.

ஏழாவதைத் திருகவில்லை. ஆறாவதைக் கழற்றத் தொடங்கினேன்.

“என்ன தனக்கோட்டி, மாட்டறியா கழட்டறியா?” என்றார்கள் டாக்டரம்மா.

வாயைத் திறந்தேன். அஞ்சு வருடத்தில் நான் அவர்களிடம் சொன்னது ‘சரிம்மா’ ஒன்றுதான். இப்போது அதுகூட வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்: “தயிரு...”

“பசிக்குதா? போய்ச் சாப்பிட்டுட்டு வா. ஏழுமலை ஆன் பண்ணட்டும்.”

“இல்லம்மா. உறை... உறைதாம்மா...”

“கையுறையா? போடாமலா டப்பாவைத் தொட்டே?” என்று போர்டைக் காட்டினார்கள்.

“அந்த உறை இல்லம்மா, உறை...”

ஏழுமலைக்கு உயிர் வந்துவிட்டது. “அதத்தாம்மா நானும் காலையிலேருந்து சொல்லிகினு இருக்கேன்! ஃப்ரீசர் நல்லா உறைஞ்சிதாம்மா இருந்துச்சு! பாரு, யக்காவே சொல்லுது!”

“நீ சும்மாயிரு! தனக்கோட்டி, ஃப்ரீசர் உறைஞ்சிருந்ததை நீ பார்த்தியா?”

“நான் பாக்கலம்மா. நான் ஊத்தினேன்.”

“எதை ஃப்ரீசர்ல ஊத்தினே?” டாக்டரம்மா குரல் ஏறிவிட்டது.

தமிழில் எதற்காக ஒரே சொல்லை மூன்று வேலைக்கு வைத்தார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவிட்ச் பக்கம் ஏழுமலை நிற்கிறான், யாராவது போடு என்று சொன்னால் போட்டுவிடுவான். நான் குக்கர் மூடிமேல் இரண்டு கையையும் வைத்துப் படுத்துக்கொண்டேன். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, “ஆறு பாட்டிலும் ரோஸா இருந்துச்சு. உறை மோர் ஊத்த மறந்துட்டாங்கன்னு நெனச்சு, மஞ்சப் பாட்டில்லேருந்து எடுத்து நான்தாம்மா ஊத்தினேன். திங்கக்கெழமை. ஏழுமல தூங்கல!” என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். காலனியில் இந்தக் குரல் இருந்திருந்தால் ரெண்டு எருமை சேர்த்து வாங்கியிருப்பேன்.

ஃபேன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தது. நித்யா என்னை அடிக்கப்போகிறதோ என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அது டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

“எந்த மஞ்சப் பாட்டில்?”

கொட்டும் தட்டு இருந்த இடத்தைக் காட்டினேன். அந்தப் பாட்டிலை அன்றைக்கே அவித்துவிட்டேன், ஆனால் அதன் கூடப்பிறந்தது ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. நித்யா ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டியது. டாக்டரம்மா மேலே எழுதியிருந்ததைப் படித்தார்கள். இன்னொரு தரம் படித்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்று நினைத்தேன். தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, மூக்குக்கண்ணாடி கழன்று விழ, அவர்கள் சிரித்த சிரிப்பில் வெளியே மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தன. ஏழுமலை ஜன்னல் வழியாகப் பார்த்து, “தோ பாரும்மா, சாட்சி ஓடுது” என்றான்.

“நித்யா! உறை மோர்! இவ ஊத்தினது இன்டர்ஃபெரான்!”

நித்யாவுக்கும் புரிந்துவிட்டது. அது சிரித்துக்கொண்டே அழுதது, அழுதுகொண்டே சிரித்தது. எனக்கும் ஏழுமலைக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் டப்பா ஏழும் குக்கரிலிருந்து வெளியே வந்து ஃப்ரீசருக்குப் போனது. ஏழுமலை அதை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போனான்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா சொன்னதைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். “நீ செஞ்ச தப்பு ஒண்ணு. நான் செஞ்சது ரெண்டு. ஆறு பாட்டில்ல ஒண்ணைக்கூட வேற சரக்கை வச்சுச் சரிபார்க்காம முடிவு பண்ணேன். கோபத்துல சாட்சியைப் போய் வேக வைக்கச் சொன்னேன்.” பெரியவர்கள் இப்படி எல்லார் எதிரிலும் சொல்லி நான் அதற்குப் பிறகும் அதிகம் கேட்டதில்லை. “ஆனா இன்னும் எதுவும் தெரியாது. தனக்கோட்டி சொன்னதால ஏழுமலை தூங்கலைன்னு ஆயிடாது. டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம். அதுவரைக்கும் ஏழுமலை வரட்டும்.”

புதுச் செல்லில் பன்னிரண்டு பாட்டில் போட்டார்கள். ஆறுக்கு உறை, ஆறுக்கு இல்லை. உறை ஊற்ற என்னையே கூப்பிட்டார்கள். “அன்னைக்கு எவ்ளோ ஊத்துனீங்க?” என்று நித்யா கேட்டது. “ஒரு கால் கரண்டி” என்றேன். எந்த வீட்டுக் கரண்டி என்று கேட்டு, என்னை ஊற்றச் சொல்லி அளந்து எழுதிக்கொண்டது. மறுநாள் பன்னிரண்டிலும் கிருமியை விட்டார்கள். அப்புறம் காத்திருந்த நாட்கள் இருக்கிறதே! ஏழுமலை நாஸ்தா சாப்பிடாமல் வந்து இன்குபேட்டர் முன்னால் நின்றுகொண்டு, “சாவுங்க கண்ணுங்களா, சாவுங்க. மாமனுக்கோசரம் சாவுங்க” என்று உள்ளே பார்த்துக் கெஞ்சுவான்.

“எல்லாமே செத்தா இன்னாடா பண்ணுவே?” என்று கேட்டேன்.

“நான் தப்பிச்சேன், நீ மாட்னே.”

“எல்லாம் பொழச்சா?”

“ஃப்ரீசர் கெட்டுச்சின்னு நான் மாட்டிக்குவேன். பாதி பாதி ஆவணும்க்கா. பேஜாரான பரீட்ச இது.”

மூன்றாம் நாள் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். உறை ஊற்றாத ஆறில், “இது காலி” என்றார்கள். “இதுவும் காலி.” ஆறும் காலி, கழுவிவிட்ட தட்டு மாதிரி. உறை ஊற்றிய ஆறில் ஆடை கலையாமல் இருந்தது. ஏழுமலை, “செத்துச்சுடோய்! என் கிருமி உசுரோட கீதுடோய்!” என்று கத்திக்கொண்டே ஜெனரேட்டர் ஷெட் வரைக்கும் ஓடித் திரும்பி ஓடி வந்தான். வழியில் போன தபால்காரர் யார் வீட்டில் சாவு என்று கேட்டுவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவுக்கு அதுவும் போதவில்லை. மஞ்சள் பாட்டிலில் மிச்சம் இருந்த சூடுபண்ணின கிருமியே காவல் காத்ததோ என்று ஒரு சந்தேகம். அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாத அளவுக்குப் புளிக்க வைத்து, நாலைந்து நாள் ஃப்ரிட்ஜில் போட்டார்கள். கிருமி அந்தப் புளிப்பைத் தாங்காதாம், இன்டர்ஃபெரான் தாங்குமாம். பிறகு புளிப்பைப் போக்கி ஊற்றிப் பார்த்தால், அப்போதும் செல் பிழைத்தது. “புளிச்சா கெட்டுப்போவாதும்மா” என்றேன், சன்னமாக. “தெரியாமப் போச்சே, உன்னைக் கேட்டிருக்கலாம்” என்றார்கள்.

இன்டர்ஃபெரான் என்றால் என்ன என்று அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். கிருமிக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது. ஒரு செல்லுக்குள் புகுந்து, அங்கே இருக்கிற அடுப்பிலேயே தன் சமையலைப் பண்ணி, ஒன்று ஆயிரமாகி, வீட்டையும் இடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். முதலில் மாட்டிய செல் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் சாகும் முன்னால் பக்கத்துச் செல்களுக்கெல்லாம் ஒரு சேதி அனுப்பிவிடும். அந்தச் சேதிதான் இன்டர்ஃபெரான். அது வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கெல்லாம் போவதில்லை. கிருமி வந்து புகுந்தால் அடுப்பை அணைத்து, அது கொண்டுவந்த சமையல் குறிப்பைக் கிழித்துப்போடத் தயாராக இருப்பார்கள். கிருமி வரும், சமைக்க வழியில்லாமல் அதோடு சரி. சூடுபட்ட கிருமிக்குக் கொல்ல வலு இல்லை, ஆனால் அதைப் பார்த்தே செல்கள் பயந்து சேதியை அனுப்பிவிட்டன. மஞ்சள் பாட்டில் முழுக்க அந்தச் சேதிதான் இருந்தது. அதைத்தான் நான் ஆறு வீட்டுக்கும் பங்கு போட்டு ஊற்றினேன்.

“அப்ப எனக்கு ஜொரம் வந்தாலும் இந்த பேரன்தான் வர்றாரா?” என்றான் ஏழுமலை. அவன் கடைசிவரை அதை இன்டர் பேரன் என்றுதான் சொன்னான்.

“ஆமா. ஜுரம், கை கால் வலி எல்லாம் பாதிக்கு மேல இந்த மாதிரி சேதிங்களாலதான். ஒருவகைக் காமாலைக்கு இதையே ஊசியா போடறாங்க. போட்ட அன்னிக்கு நடுங்கும்.”

“எனக்கு ரெண்டு நாளா சளிம்மா. யக்கா ஊத்துனதுல மிச்சம் கீதே, ஒரு முழுங்கு...”

“ஏழுமலை, அது கோழி பாஷையில இருக்கற சேதி. உனக்குப் புரியாது.”

“இவன் கோழிதாம்மா, காலையில எந்திரிச்சா வாய் மூடாது” என்றேன் நான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தேன்.

இதை நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. நான் பிறந்த காலத்து ஆட்களே வெளிநாட்டில் எப்போதோ கண்டுபிடித்துப் புத்தகத்தில் எழுதிவிட்டார்களாம். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வேலை இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். நல்லதாகத்தானே ஆகியிருக்கிறது என்று நினைத்து வாயை மூடாதீர்கள். லேபில் எது நல்லது என்பது பாட்டில் கழுவுகிறவளுக்கு மட்டுமில்லை, பல சமயம் டாக்டருக்கே தெரியாது.

சிரித்தது வேறு, மெமோ வேறு. எனக்கும் ஏழுமலைக்கும் ஒரே நாளில் மெமோ வந்தது. எனக்குப் பாட்டிலைத் தொட்டதற்கு, அவனுக்கு நோட்டில் எழுதாததற்கு. உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, எழுத்துமூலம் பதில் தரவும். இரண்டு பேரும் சாப்பாட்டு பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம்.

“யக்கா, தூங்கவில்லைக்கு எந்த ‘ல’?”

“நீ தூங்கினியா?”

“சத்தியமா இல்லக்கா.”

“அப்ப எந்த ‘ல’ போட்டா இன்னா? எழுது.”

அவன் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று விதமாகவும் எழுதி, ‘சரியானதை டாக்டரம்மாவே எடுத்துக்கொள்ளவும்’ என்று முடித்திருந்தான். டாக்டரம்மா அதைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சரியானதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வரவும்’ என்று பக்கத்தில் எழுதினார்கள். பிறகு என் காகிதத்தை எடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் முதல்முதலாக எழுதியது அது. ‘ஆறு பாட்டிலுக்கும் உறை ஊற்றினேன். நாலு நாள் சொல்லாமல் இருந்தேன். சொல்லாமல் இருந்தது தப்பு’ என்று எழுதியிருந்தேன்.

டாக்டரம்மா பச்சை மைப் பேனாவை எடுத்து, என் கடைசி வரிக்குக் கீழே ‘ஊற்றியதும் தப்புதான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.